ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர்

ஏப்ரல் 22, திங்கள்

இவருடைய கம்பெனியில் கொடுத்த டைரி. ஏப்ரல் முடியப்போகிறது, இன்னும் ஒரு பக்கம்கூட அழுக்காகவில்லை. பால் பாத்திரத்துக்கு அடியில் வைக்கப் போனேன். "நல்ல பேப்பர், வீணாக்காத. தினமும் எந்தக் கணக்குல தப்பு விட்டேன்னு எழுது" என்றார் இவர். அதனால் ஆரம்பிக்கிறேன்.

நாற்பத்தொரு வயதில் குரூப் ஃபோர் பரீட்சை எழுதப் போகிறேன். முதல் மாடி செண்பகம்தான் தன் போனிலேயே எனக்கு விண்ணப்பம் போட்டாள். "உங்க தமிழுக்கு நூத்துக்கு நூறு வரும்க்கா, கணக்கை மட்டும் சாரைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்க" என்று அவளே வழியும் சொன்னாள். பையன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறான். போனில் சிரித்தான். சிரிக்கட்டும்.

வட்டி, விழுக்காடு எல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறேன். கன அளவுதான் தலையில் ஏற மறுக்கிறது. "ஒரு செவ்வகத் தொட்டியின் நீளம்..." என்று படித்ததுமே அந்தத் தொட்டிக்குள் நானே விழுந்துவிட்டது போல மூச்சு முட்டும்.

இவர் கட்டட சூப்பர்வைசர். கணக்கில் புலி. அந்தப் புலியோடு குடித்தனம் செய்வது வேறு கதை. யார் தப்பாகக் கணக்குச் சொன்னாலும் இவருக்குப் பொறுக்காது. பெரிய மாமா செத்துப்போனபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வயது எழுபத்தெட்டு என்று போட்டிருந்தார்கள். பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "பொறந்தது நாப்பத்தஞ்சுன்னா எழுபத்தெட்டு எப்படி வரும்? எழுபத்தொம்பது" என்றார். அழுதுகொண்டிருந்த அத்தை அழுகையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 24, புதன்

இன்று பாடம்: வெளி அளவு, உள் அளவு. இவர் தன் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்து ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார்.

"பாத்திரம் வெளியே பாக்க எவ்ளோ பெருசுங்கிறது கணக்கே இல்ல, மங்கை. உள்ளே எவ்ளோ கொள்ளும், அதான் கணக்கு. தடிமனை ரெண்டு பக்கமும் கழி. ரெண்டு பக்கமும்!"

நான் ஒரு பக்கம் மட்டும் கழித்திருந்தேன். தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இவர் என்னோடு இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியது இப்போதுதான். பரீட்சை பாஸானாலும் ஆகாவிட்டாலும் அந்த மட்டும் லாபம்.

ஏப்ரல் 27, சனி

நான்கு கணக்கில் மூன்று தப்பு. சாம்பாரிலும் உப்பு இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளக்கிறது. போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. முன்பெல்லாம் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி வரும். இப்போது ஆறாயிரம் லாரிதான், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆறு வீட்டுக்கும் அதுவே கதி.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் இவர்தான். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கரும்பலகையில் எந்த நேரத்தில் மோட்டார் போடப்படும் என்று தினமும் சாக்பீஸால் எழுதுவார். லாரி வந்ததும் வால்வையெல்லாம் மூடிவிட்டுத் தண்ணீர் முழுவதையும் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுவார். பிறகு திறந்துவிடுவார். பத்து மணிக்குள் எல்லா வீட்டுக் குழாயும் கொட்டாவி விட ஆரம்பித்துவிடும்.

எங்கள் வீட்டில் மட்டும் நிற்பதில்லை. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, தொட்டிக்கு நேர் கீழே. "பந்தியில பரிமாறுறவன் பக்கத்துல உக்காந்தா கறித்துண்டு விழத்தானே செய்யும்" என்பார் இவர். எதிர்வீட்டுக் கோதண்டம் சாரும் இரண்டாவது மாடிதானே, அவர் வீட்டில் ஏன் நிற்கிறது என்று கேட்டேன். அவர் பைப்பில் உப்பு அடைத்திருக்கிறதாம். பாவம், தபால் துறையில் இருந்து ரிட்டயரானவர், எத்தனை முறை பிளம்பரைக் கூப்பிடுவார்.

தொட்டி மேலே என் கீரைப் பெட்டிகள் மூன்று இருக்கின்றன. போன வருஷம் நான் தம்பி பெண் காதுகுத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது இவர் வாங்கி வைத்திருந்தார். "மேல வச்சா பெருச்சாளி வராது. வெயில் நல்லா படும்" என்றார். அந்தப் பத்து நாளில்தான் தொட்டியில் கசிவு என்று தன் சைட் கொத்தனாரைக் கூட்டிவந்து இவரே நின்று சரிசெய்து கொடுத்தார். அதற்குச் சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை பீரோவில் இருக்கிறது, கீரை தளதளவென்று வருகிறது.

மே 2, வியாழன்

செண்பகம் இரண்டு குடத்தோடு மேலே வந்தாள். இட்லி மாவு அரைத்து விற்கிறாள். புருஷன் துபாயில் இருக்கிறான், வருவதாகச் சொல்லி வராமல் இருக்கிறான். குழாயைத் திறந்ததும் தண்ணீர் விழுந்த வேகத்தைப் பார்த்து நின்றாள்.

"என்னக்கா இது, அருவி மாதிரி கொட்டுது! மேல் மாடிக்குத்தானே வேகம் கம்மியா வரணும்?"

"எங்க சார் சொல்றார், தொட்டிக்குப் பக்கத்துல இருக்கிறதால."

"சாரே சொன்னா சரிதான்" என்றாள்.

இவர் வந்ததும் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "இன்னைக்கு ரெண்டு குடம், நாளைக்கு ஊரே வரும். இனிமே குடுக்காத" என்றார். இரண்டு குடத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று தெரியவில்லை.

மே 5, ஞாயிறு

காலையில் சங்கக் கூட்டம். தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் பேச்சு. கோதண்டம் சார் எழுந்து, "லாரிக்காரன் குறைச்சு ஊத்துறானா?" என்று கேட்டார். இவர் சாக்பீஸை எடுத்தார். கிரைண்டர் கழுவ இவ்வளவு, அரிசி களைய இவ்வளவு, உளுந்து ஊற இவ்வளவு, பாத்திரம் கழுவ இவ்வளவு என்று வரிசையாகப் போட்டுக் கூட்டினார். கடைசியில் நானூறு லிட்டர் என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லார் தலையும் செண்பகத்தின் பக்கம் திரும்பியது.

"நான் ஒரு நாளைக்கு ஏழு குடத்துக்கு மேல தொடுறதில்ல சார்" என்றாள்.

மாதக் கடைசிக்குள் கிரைண்டரை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று தீர்மானம். கிரைண்டர் நின்றால் அவள் எதை வைத்துச் சாப்பிடுவாள்? சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். இவர் என்னைப் பார்த்தார். நானும் தூக்கினேன்.

கணக்கு சரியாகத்தானே இருந்தது. இவர் தப்பாகக் கணக்குப் போட மாட்டார்.

மே 6, திங்கள்

செண்பகம் படியில் எதிரே வந்தாள். பார்த்தும் பார்க்காதது போலச் சுவரோடு ஒட்டிப் போனாள்.

மே 11, சனி

இவர் தொட்டி கழுவினார். சங்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னாலும் கேட்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானே இறங்கிக் கழுவுவார். கீரைப் பெட்டிகளைக்கூடத் தானே நகர்த்தித் தானே பழையபடி வைத்தார். உதவிக்கு வரட்டுமா என்றேன். "நீ போய் படி" என்றார். இப்படி ஒரு செயலாளர் எந்த ஊரில் கிடைப்பார்!

மே 12, ஞாயிறு

இன்று நானே ஒரு கணக்கு உண்டாக்கினேன். நினைக்கவே பெருமையாக இருக்கிறது, முடிவு மட்டும் அசிங்கமாகிவிட்டது.

தொட்டி கழுவிக் காய்ந்து கிடக்கிறது. கீழே லாரித் தண்ணீர் இறங்கும் சம்ப்பும் வறண்டு கிடக்கிறது. லாரி வருகிறது, சரியாக ஆறாயிரம் லிட்டர். தொட்டியின் உள் நீளம் நான்கு மீட்டர், அகலம் இரண்டு மீட்டர் என்று இவரே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அடிப்பரப்பு எட்டு சதுர மீட்டர். ஆறாயிரம் லிட்டர் என்பது ஆறு கன மீட்டர். ஆறை எட்டால் வகுத்தால் முக்கால். தண்ணீர் எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும்.

மோட்டார் நின்றதும், வால்வைத் திறப்பதற்கு முன், ஏணியில் ஏறி மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். ஈரம் அறுபதில் நின்றது. மறுபடி விட்டேன். அறுபதுதான்.

கீழே ஓடிவந்து இவரிடம் காட்டினேன். இவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் பார்த்த மாத்திரத்தில் தப்பைத் தொட்டுக்காட்டுகிறவர், இன்று நேரம் எடுத்துக்கொண்டார்.

"எல்லாமே தப்பு" என்றார்.

"எங்க தப்பு?"

"அடிப்படையே தப்பு. குச்சியைச் சாய்ச்சு விட்டிருப்ப. தடிமனைக் கழிக்கல. உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

உள் அளவு என்று சொன்ன பிறகு தடிமனை எதற்குக் கழிக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அதுவும் மக்குத்தனமாக இருக்குமோ என்று வாயை மூடிக்கொண்டேன். "அந்த ஏணியில இனிமே ஏறாத, விழுந்து கைகால் உடைஞ்சா யார் பாக்குறது" என்றார். அதுவரைக்கும் நான் தினமும் அதே ஏணியில்தான் கீரைக்குத் தண்ணீர் ஊற்ற ஏறிக்கொண்டிருந்தேன்.

மே 13, திங்கள்

அதே கணக்கை மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் எழுபத்தைந்து.

மே 15, புதன்

இன்று மறுபடி கேட்டேன், எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல்லுங்கள் என்று. தட்டிலிருந்து நிமிரவில்லை.

"மங்கை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே. உனக்கு இது வராது. சிலருக்கு வராது, அது ஒண்ணும் தப்பில்ல. இந்தத் தடவை விட்டுடு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரக்கப்பட்டு அல்லவா சொன்னார்! பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் அருவி மாதிரி கொட்டியது, நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

புத்தகங்களை எல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். பரீட்சைக்குப் போகப்போவதில்லை. செண்பகத்திடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எந்த முகத்தோடு சொல்வது?

மே 19, ஞாயிறு

புத்தகம் பரணில் இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் டப் செவ்வகமாக இருக்கிறது. உள்ளே ஸ்கேல் வைத்தேன். ஐம்பது, நாற்பது, இருபத்தைந்து. பெருக்கினால் ஐம்பதாயிரம் கன சென்டிமீட்டர், அதாவது ஐம்பது லிட்டர். பத்து லிட்டர் வாளியால் ஊற்றிப் பார்த்தேன். ஐந்தாவது வாளி முடியவும் விளிம்பில் தண்ணீர் தளும்பவும் சரியாக இருந்தது.

அதே தண்ணீரில் துணியை ஊறவைத்துவிட்டு, தெர்மாகோல் பெட்டி ஒன்றை எடுத்து அளந்தேன். அதுவும் சரியாக வந்தது. பருப்பு டப்பாவும் சரி.

எனக்குக் கணக்கு வருகிறது. தொட்டிக்கு மட்டும்தான் வரவில்லை.

மே 22, புதன்

இதைக் கோர்வையாக எழுத வேண்டும்.

இவர் சைட்டுக்குப் போன பிறகு இன்ச் டேப்பையும் ஒட்டடைக் கம்பையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். விழுந்தால் விழட்டும் என்று ஏறினேன். முதலில் வெளி நீளம்: நான்கு மீட்டர் முப்பது. சுவர் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர். இரண்டு பக்கமும், இரண்டு பக்கமும், கழித்தேன். உள் நீளம் நான்கு மீட்டர். இவர் சொன்னது சரி.

பிறகு மூடியைத் திறந்து கம்பை உள்ளே விட்டு இந்தக் கோடி வரைக்கும் அளந்தேன், அந்தக் கோடி வரைக்கும் அளந்தேன். கூட்டினால் இரண்டு மீட்டர் தொண்ணூறுதான் வருகிறது. மறுபடி அளந்தேன். அதேதான். ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டரைக் காணவில்லை.

நான்தான் தப்பு என்று நினைத்தேன். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். கம்பு எதிலோ சிக்குகிறது என்று கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். கம்பு தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. தாழ்த்தினேன், முட்டியது. உயர்த்தினால் போகிறது, தாழ்த்தினால் முட்டுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு தடவினாலும் தெரிந்துவிடும், அங்கே ஒரு சுவர் நிற்கிறது. தொட்டியின் கூரை வரைக்கும் எட்டாத குட்டைச் சுவர்.

அந்தக் காணாமல்போன இடத்துக்கு நேர் மேலேதான் என் கீரைப் பெட்டிகள் இருந்தன.

பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். அடியில் தார்ப்பாய், தார்ப்பாய்க்கு அடியில் இன்னொரு மூடி. திறந்தேன். குனிந்து கையை விட்டேன், தண்ணீர் விரலைத் தொட்டது. சுவரின் விளிம்பு வரைக்கும் தெளிந்த தண்ணீர் நிற்கிறது. லாரித் தண்ணீர் ஏறிவரும் குழாயும் அதற்குள்தான் விழுகிறது. அது நிரம்பி வழிந்தால்தான் அந்தப் பக்கம் போகும். அடியிலிருந்து ஒரே ஒரு குழாய் கீழே இறங்குகிறது. அந்தக் குழாய் எந்த வீட்டுச் சமையலறைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். தினமும் அதில்தான் காபிக்குத் தண்ணீர் பிடிக்கிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் என் கீரையில் மறைத்திருக்கிறார்.

சுவரின் உயரத்தை அளந்தேன், ஒன்றேகால் மீட்டர். சுவரின் தடிமன் போக நீளம் ஒன்று, அகலம் இரண்டு. இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர். மீதி மூவாயிரத்து ஐந்நூறு. அதை இரண்டு மீட்டர் தொண்ணூறு நீளத்துக்கும் இரண்டு மீட்டர் அகலத்துக்கும் வகுத்தேன். அறுபது சென்டிமீட்டர் வந்தது. குச்சியும் அறுபதுதான் சொன்னது.

ஏணியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் சுட்டதுகூட உறைக்கவில்லை.

மே 23, வியாழன்

சோறு குழைந்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மே 24, வெள்ளி

காலையில் காபியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"தொட்டிக்குள்ள இருக்கிற சுவரை எப்பக் கட்டினீங்க? நான் காதுகுத்துக்குப் போயிருந்தப்பவா?"

டம்ளரைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"உனக்காகத்தான் கட்டினேன். போன வருஷம் குடத்தைத் தூக்கிட்டு ரெண்டு மாடி ஏறி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தியே, அதைப் பாத்துட்டுத்தான்."

"செண்பகத்துக்கு இடுப்பு இல்லையா?"

"ஊர்ல எல்லாரையும் பாத்தா நாம வாழ முடியாது மங்கை. அவ எப்படியும் போகப்போறா. பேசாம இரு. இதுல உன் பேரும் அடிபடும்னு ஞாபகம் வச்சுக்க. தண்ணி நீயும்தான் குடிச்ச."

குடித்தேன். குளித்தேன். அழுவதற்குக்கூட அந்தத் தண்ணீரைத்தான் திறந்துவிட்டேன். அதை நான் மறுக்கவில்லை. என் கையைத் தூக்கவைத்து ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டாரே, அதுகூட நெஞ்சில் இரண்டாவதாகத்தான் குத்துகிறது. முதலாவது வேறு. அதைக் கேட்டேன்.

"பன்னண்டாம் தேதி நான் போட்ட கணக்கு சரியா தப்பா?"

டம்ளரை மறுபடி எடுத்தார்.

"சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுங்க."

"சரிதான்" என்றார் கடைசியில். "வழி சரிதான்."

"சரின்னு பாத்தவுடனே தெரிஞ்சதா?"

"தெரிஞ்சது."

தெரிந்தே என்னை மக்கு என்றார். தெரிந்தே எனக்கு வராது என்றார். செத்த மாமாவின் வயது ஒரு வருஷம் குறைந்ததைப் பொறுக்காத மனிதர், பெண்டாட்டி வாழ்க்கையில் முதல்தடவையாகத் தானே உண்டாக்கித் தானே சரியாகப் போட்ட ஒரு கணக்கைத் தப்பு என்று சொல்லிவிட்டு ரசம் சாப்பிட்டிருக்கிறார். பத்தொன்பது வருஷத்தில் என்னை ஒரு அடி அடித்ததில்லை என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இவர் பெயர் தணிகாசலம். இதுவரை நான் எழுதியதில்லை. எழுதினேன், கை ஒன்றும் வெந்துவிடவில்லை.

மே 26, ஞாயிறு

பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். செண்பகம் எப்போது காலிசெய்கிறாள் என்பதுதான் விஷயம். ஒன்பது மணிக்கே நான் கீழே போய்க் கரும்பலகையைத் துடைத்துவிட்டு எழுதினேன்:

"ஒரு தண்ணீர்த் தொட்டியின் உள் நீளம் 4 மீ., அகலம் 2 மீ. அதன் குறுக்கே 1.25 மீ. உயரமும் 20 செ.மீ. தடிமனும் உள்ள ஒரு சுவரை எழுப்பி, 1 மீ. நீளமுள்ள பகுதியைத் திரு. தணிகாசலம் என்பவர் தம் வீட்டுக்கு ஒதுக்கிக்கொள்கிறார். ஏற்றப்படும் தண்ணீர் முதலில் அந்தப் பகுதியை நிரப்பிய பிறகே மறுபக்கம் வழியும். 6,000 லிட்டர் தண்ணீர் ஏற்றினால், (அ) தணிகாசலம் வீட்டுக்கு எத்தனை லிட்டர்? (ஆ) மற்ற ஐந்து வீடுகளுக்கும் சேர்த்து எத்தனை லிட்டர்?"

எழுத்து நன்றாக வந்திருந்தது. தமிழில் நூற்றுக்கு நூறு என்று செண்பகம் சும்மா சொல்லவில்லை.

ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். செண்பகம் கடைசிப் படியிலேயே நின்றாள். கோதண்டம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தந்தி படிப்பது போல ஒவ்வொரு வார்த்தையாக உரக்கப் படித்தார். "திரு. தணிகாசலம் என்பவர்" என்ற இடத்தில் ஒருமுறை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மேலே படித்தார். பரீட்சைக்கு எழுதிப் பழகியிருக்கிறாள் என்று சிலர் நினைத்திருக்கலாம். ஒருவர் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்போதுதான் தணிகாசலம் தீர்மான நோட்டோடு வந்தார். எல்லாரும் பலகையைப் பார்ப்பதைப் பார்த்துத் தானும் பார்த்தார். முதல் வரியிலிருந்து கண் இறங்கிவருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் நின்றது. புருவம் சுருங்கியது. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியாதா?

"இருபதா?" என்றார். "நாலு இன்ச் சாலிட் பிளாக்ல இருபது எப்படி வரும்? பத்து."

சொல்லிவிட்டு, வாயைத் திறந்தபடியே நின்றார்.

கோதண்டம் சார் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தச் சுவரு, தணிகாசலம்?"

பதிலுக்குக் காத்திராமல் கோதண்டம் சார் மாடிப்படி ஏறினார். அவர் வயதுக்கு அவ்வளவு வேகமாக ஏறக் கூடாது. மற்றவர்கள் அவர் பின்னால் ஏறினார்கள். கீரைப் பெட்டியை இழுக்கும் சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது.

கீழே நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம். செண்பகம் பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அந்த இருபதை வேணும்னே தப்பாப் போட்டீங்களா?"

நான் சாக்பீஸ் தூசியைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கணக்குக்கு அந்தத் தடிமனே தேவையில்ல" என்றேன்.

மே 28, செவ்வாய்

சுவரை இடித்தாகிவிட்டது. அதே கொத்தனார்தான் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் கல்லைச் சுமந்து இறங்கினான். எங்கள் வீட்டுக் குழாய் ஒன்பதே முக்காலுக்கு நின்றது. அது நிற்கும்போது ஒரு விக்கல் வருகிறது, இதுவரை கேட்டதே இல்லை. கோதண்டம் சாரின் பைப்பில் உப்பெல்லாம் தானாகவே கரைந்துவிட்டது.

பொன்னாடையை என்ன செய்வது என்று கேட்டேன். தணிகாசலம் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வீட்டில் அவருக்கும் எனக்கும் நடுவில் சோறும் குழம்பும்தான் போய்வருகின்றன.

ஜூன் 2, ஞாயிறு

செண்பகத்தின் மேல் போட்ட தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். கையைத் தூக்கச் சொன்னபோது நான் கையை மட்டும் தூக்கவில்லை. எழுந்து நின்று, "அன்னைக்கு நான் தூக்கினது தப்பு, என்னை மன்னிச்சுடு" என்றேன், எல்லார் முன்னாலும். அவள் தலையை ஆட்டினாள். போகும்போது "வரேன், மேல்வீட்டம்மா" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்லி எப்படிக் கேட்பது?

பரணிலிருந்து புத்தகக் கட்டை இறக்கினேன். எலி ஒரு ஓரத்தைக் கொறித்திருந்தது, நல்லவேளை வரலாற்றைத்தான்.

ஜூன் 6, வியாழன்

இரண்டு குடத்தோடு இரண்டு மாடி ஏறினேன். இடுப்பு விண்விண் என்று தெறிக்கிறது. தணிகாசலம் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் குடத்தை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"எனக்காகத்தான்" என்று சொன்னாரே, அது பொய்யில்லை என்றுதான் தோன்றுகிறது. அதுதான் தாங்க முடியவில்லை. முழுப் பொய்யனாக இருந்தால் வெறுத்துத் தள்ளிவிட்டு நிம்மதியாகப் படிக்கலாம்.

ஜூன் 9, ஞாயிறு

பரீட்சை. தணிகாசலம் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். முதல் மாடியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. கடந்துபோகும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஹால் டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"கருப்புப் பேனா?"

"ரெண்டு."

அவ்வளவுதான். வெளியே வரவில்லை. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது.

தமிழ் சுலபம். பொது அறிவு சுமார். கணக்கில் நூற்றுத் தொண்ணூறாவது கேள்விக்குப் பிறகு எங்கோ ஒரு தொட்டி வந்தது. செவ்வகத் தொட்டிதான். நீளம், அகலம், ஊற்றிய தண்ணீர் எல்லாம் கொடுத்து, தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று கேட்டிருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் அதைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டியது எனக்குக் கேட்டது.

ஒரே ஒரு தடவைதான் போட்டேன். சரிபார்க்கவில்லை.